பானட்டுக்குள் பத்துத் தலை

முக்கூடலில் கார் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். பானட்டைத் தூக்கினால் போதும், ஊரே எட்டிப் பார்க்கும். முத்துமாலை அம்மன் கோயில் பக்கம் முந்தாநாள் என் பேட்டரி இறங்கியது. எரிச்சல் இன்னும் இறங்கவில்லை.

ஜம்பர் கேபிளை எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கருப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனை...

அதற்குள் ஒரு அண்ணாச்சி, வாயில் பீடியோடு பானட்டுக்குள் தலையை விட்டார். பீடி சுற்றிப் பிழைக்கிற ஊரில் பீடியைக் குறை சொல்லிவிட்டுத் திரும்ப முடியுமா? ஆனால் பேட்டரியில் ஹைட்ரஜன் கிளம்பும். பொறி பட்டால் வெடித்து ஆசிட் மூஞ்சியில் அடிக்கும். கடைசிக் கருப்புக் கிளிப்பைச் செத்த பேட்டரியை விட்டுத் தள்ளி, என்ஜினின் பெயிண்ட் அடிக்காத இரும்பில் மாட்டச் சொல்வதே அதற்காகத்தான். "அண்ணாச்சி, பீடி..." என்றேன். "உமக்கும் வேணுமா வே?" என்று கட்டை நீட்டினார்.

அடுத்து, தள்ளுகிறவர்கள். ஆட்டோமேட்டிக் கியர், தள்ளினால் எடுக்காது என்றேன். "எங்க சித்தப்பா அம்பாசடரு தள்ளித்தான் எடுக்கும்" என்றார் ஒருவர். அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது, அதன் வைத்தியம் நிற்கவில்லை. நாலு பேர் பின்னால் கை வைத்துவிட்டார்கள். ஐந்தாமவர் கை வைக்கவில்லை. அவர்தான் "மூச்சப் பிடிச்சுத் தள்ளுங்கல" என்று கத்தினார். எந்த ஊரில் வண்டி நின்றாலும் இந்த ஐந்தாமவர் வந்துவிடுகிறார். சட்டையில் கசங்கல் கிடையாது. வண்டி நகர்ந்தால் அவர் சொன்னதால். நகராவிட்டால் நான் கிளட்ச்சை விட்டது சரியில்லை. கிளட்ச் பெடலே இல்லை ஐயா! "அப்ப அதான் கோளாறு" என்றார்.

ஒருவர் மைக்செட் வயரைக் கொண்டுவந்தார். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த வயர் உருகிவிடும் என்றால், "கோயில் கொடையில ராத்திரி பூராம் பாட்டு ஓடுன வயரு" என்று கோபித்துக்கொண்டார்.

நான் மட்டும் ஒழுங்கா? அடுத்தவன் வண்டி நின்றால் ஓடிப்போய், "கார்புரேட்டர்ல தண்ணி" என்று சொல்லிவிட்டு வருகிற ஆள். கார்புரேட்டரே இல்லாத வண்டி என்று தெரிந்தும்.

ஒருவழியாக என் கார் எடுத்தது. கொஞ்ச நேரம் ஓடியதாலேயே பேட்டரி நிறைந்துவிடாது; 35 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் சார்ஜரில் மூணரை ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் போட வேண்டும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்தாமவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, "எடுத்துருச்சுல்லா, ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டு மறுபடி எடுத்துப் பாப்பமே" என்று அணைத்துவிட்டார்.