ஜன்னலுக்கு ஃபிலிம் காட்டுபவர்

மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அடுக்குமாடி வீட்டை, “நல்லா வெளிச்சம் வரும் சார்” என்ற புரோக்கரின் வாக்கை நம்பி மார்கழியில் வாங்கி, பங்குனியில் விழித்துக்கொள்பவர் ஃபிலிம் காட்டுபவர். வீட்டுக்கடன், படுக்கை அறையில் ஒரே ஒரு ஏ.சி., எதையும் நன்றாக விசாரித்துத்தான் வாங்குவேன் என்ற பெருமிதம் ஆகிய மூன்றும் இவருடைய அடையாளங்கள். சென்னையில் வேளச்சேரிப் பக்கமும் அண்ணா நகர்ப் பக்கமும் மிகுதி. அக்னி நட்சத்திரத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சாயங்காலம் மூன்றரை மணிக்கு, ஹால் நடுவில் நின்று கண்ணாடியை முறைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் வெயில் சோபாவின் இடது பாதியைப் பிடித்துக்கொள்ளும். டீவியில் பேட் பிடிப்பவர் யார் என்றே தெரியாது. ஜன்னலில் ஏற்கெனவே ஒரு திரை உண்டு, மனைவியின் பழைய சுங்குடிப் புடவையை வெட்டித் தைத்தது. “இதை இழுத்து விட்டா போதாதா?” என்று அவர் கேட்பார். விஞ்ஞானம் அறியாதவர் என்று அவரை மன்னித்துவிட்டு இவர் ஆராய்ச்சியில் இறங்குவார்.

ஆராயப்படும் பொருள் தலைமுடி கனத்துக்கு ஒரு பாலியஸ்டர் தாள். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கீறல் விழாத பூச்சு, ஊடே சாயமோ அலுமினியம் போன்ற உலோகமோ செராமிக் துகளோ இருக்கும். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1966-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. நம் ஊரில் இதைப் பிரபலமாக்கியது கார். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், வண்டிக் கண்ணாடிகளில் எந்த அளவிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அது நடைமுறைக்கு வந்த மே 4, அக்னி நட்சத்திரம் வழக்கமாகப் பிறக்கிற தேதி. தீர்ப்பு வண்டிகளோடு நின்றுகொண்டது. காரிலிருந்து உரித்த ஆசை வீட்டு ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆராய்ச்சியின் களம், கார் அலங்காரக் கடைகள் வரிசைகட்டி நிற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கடைக்காரர் “ட்வென்ட்டி பர்சென்ட் போடலாமா சார்?” என்பார். இருபது என்றால் நூற்றில் இருபது பங்கு வெளிச்சத்தை உள்ளே விடுவது. இருபது பங்கைத் தடுப்பது என்று இவர் புரிந்துகொண்டு, “அவ்வளவு போதாது, எழுபது குடுங்க” என்று கேட்டு, ஒட்டியதே தெரியாத தாளைக் கையில் வாங்கித் திகைப்பார். கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்பதும் இவருடைய நம்பிக்கை. சூரியன் அனுப்பும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதற்கும் தாளின் கறுப்புக்கும் பெரிய உறவு கிடையாது. ஒட்டியதே தெரியாத செராமிக் ஃபிலிம்கூட சூட்டைத் தடுப்பதில் மலிவான கறுப்பைத் தோற்கடிக்கும். மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கும் என்ற ஒரே ஒரு எண்ணைக் கேட்டால் விவகாரம் முடிந்தது. இவர் அதைத் தவிர மற்றதையெல்லாம் கேட்பார்.

பிறகு விளக்குப் பரிசோதனை. ஒரு மரச்சட்டத்தில் நாலு கண்ணாடித் துண்டுகள், நாலுக்கும் நாலு ஃபிலிம், பின்னால் சிவப்பாக எரியும் ஹீட் பல்பு. “கை வெச்சுப் பாருங்க சார்.” இவர் வைப்பார். முதல் கண்ணாடியில் சுடும், இரண்டாவதில் கொஞ்சம் சுடும், மூன்றாவதுக்கு வருவதற்குள் உள்ளங்கை சிவந்து எதுவும் தெரியாமல் போய்விடும். ஆனாலும் தலையை ஆட்டுவார். கதிரை வாங்கி வைத்துக்கொள்ளும் ஃபிலிம் முதல் நிமிஷம் சமர்த்தாக இருந்துவிட்டுப் பிறகுதான் தானே சூடாகும் என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் அவசரமில்லை. கடைசியில் எல்லா ஆய்வையும் ஒரு வாக்கியம் முடித்துவைக்கும்: “மிரர் ஃபிலிம் போட்டா, உள்ள இருந்து வெளிய எல்லாம் தெரியும், வெளிய இருந்து உள்ள ஒண்ணும் தெரியாது.” வெயில், யூனிட் கணக்கு எல்லாம் அந்தக் கணமே மறந்துபோகும். எதிர்வீட்டு பால்கனி கண்முன் வந்து நிற்கும். ஹாலுக்கு மிரர் முடிவாகும். காசு கையைக் கடிப்பதால் படுக்கை அறைக்கு மலிவுக் கறுப்பு.

ஒட்டும் நாள் ஞாயிறு. ஷாம்பு கலந்த தண்ணீரைக் கண்ணாடியில் பீய்ச்சி, தாளை விரித்து, ரப்பர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளி, ஓரத்தைக் கட்டரால் சீவினால் வேலை முடிந்தது. தூசி பறக்கும் என்பதால் ஃபேன் போடக் கூடாது. குளிர்ச்சிக்காகச் செய்யும் காரியத்தில் குடும்பமே மூன்று மணி நேரம் வியர்வையில் நனையும். வேலைக்கு வந்த பையன் போகும்போது, “பபுள் இருந்தா கை வெக்காதீங்க சார், ஒரு மாசத்துல அதுவே காஞ்சிடும். அதுவரைக்கும் துடைக்கவும் வேணாம்” என்று சொல்லிவிட்டுத்தான் போவான். சொன்னது உண்மை. மறுநாள் காலை காபிக்கு முன்னால் இவர் குண்டூசியோடு நிற்பார். பபுள் போய்விடும், ஓட்டை தங்கிவிடும்.

இரண்டு நாள் பகலில் பரமானந்தம். எதிர்வீட்டுக்காரர் வடாம் காயப்போடுவதையும் காக்காய் அதைத் தூக்குவதையும் சோபாவிலிருந்தே கவனிப்பார். மூன்றாம் நாள் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொல்வார்:

“ஏங்க, எதிர்வீட்டு அக்கா கேட்டாங்க, உங்க வீட்ல நேத்து நைட்டும் இட்லிதானான்னு.”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க லுங்கியை உதறிக் கட்டினதும் தெரிஞ்சுதாம்.”

மிரர் ஃபிலிமுக்கு உள், வெளி என்ற விசுவாசம் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்துக்குக் காட்டும். பகலில் தெரு, ராத்திரி டியூப்லைட் எரியும் ஹால். அன்று முதல் விளக்கு வைத்ததும் சுங்குடித் திரையை இழுத்து விடுவது இவர் வேலையாகிறது. ‘இந்த நேரத்தில் தூசி வரும்’ என்று காரணமும் சொல்லிக்கொள்வார். உலோகம் கலந்த தாள் என்பதால் செல்போன் டவரும் ஒரு கோடு குறையும். முக்கியமான அழைப்புகளை மாடிப்படியில் நின்று பேசுவார்.

இந்த இனத்தின் அலுவலகக் கிளை, மேனேஜர். இவருக்கு வேண்டியது ஃப்ராஸ்டட், அதாவது பனி படிந்தாற்போன்ற வெள்ளை. கேபின் கண்ணாடியில் தரையிலிருந்து ஐந்தடி வரை ஒட்டச் சொல்வார். எழுந்து நின்றால் ஊழியர்கள் தெரிய வேண்டும், உட்கார்ந்தால் தாம் தெரியக் கூடாது. ஃப்ராஸ்டட் முகத்தை மறைக்கும், கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தால் நிழலை மறைக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நிழலின் தலை மெல்லச் சாய்வதைப் பார்த்துத்தான் டீக்குக் கிளம்பும் நேரத்தை ஆபீஸ் முடிவுசெய்கிறது.

சில வருஷங்களில் படுக்கை அறையின் மலிவுக் கறுப்பு, சாயம் வெளுத்துக் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். அதைப் பார்த்து “டிசைனா சார்?” என்று கேட்கும் விருந்தாளிக்கு ஆமாம் என்றே பதில். உரிக்கும் நாளில் ஹேர் டிரையர் காட்டினால் தாள் நாடா நாடாவாகக் கையோடு வரும். பசை கண்ணாடியோடு நின்றுவிடும், பிளேடால் சுரண்ட வேண்டும். கடைக்காரர் கொடுத்த வாரண்டி அட்டை பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இருக்கும். எடுத்துப் பார்த்தால், அதில் கடை முத்திரை குத்த மறந்திருப்பார்கள்.