ரயிலுக்கு முன் ஒரு கச்சேரி

கேள்வி: இரவு எழும்பூரில் ரயில். அதுவரை சென்னையில் கலையை ரசிக்க வழி உண்டா?

பதில்: கச்சேரிக் காலமான மார்கழி என்றால் தாராளமாக உண்டு. எழும்பூர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். தூக்கிய திருவடியில் முதலில் கண் நிற்கும். ஊன்றிய காலில் உடலின் பாரம் முழுதும் இறங்கியிருக்கும் அழகு மெதுவாகத்தான் பிடிபடும்.

பிறகு மயிலாப்பூர் அல்லது தியாகராய நகர். பல சபாக்களில் பகல் கச்சேரிக்குக் கட்டணம் இல்லை. பாடுவோர் பெரும்பாலும் இளைஞர்கள். நாளைய வித்வான்கள் அங்கேதான் முதலில் காதில் விழுவார்கள். நடுவே சபா கேன்டீன்.

மாலைக் கச்சேரியில், பின்பகுதியில் விரிவாக வரும் ராகம் தானம் பல்லவிக்குக் காத்திருந்தால் ரயில் காத்திருக்காது; பாதியில் கிளம்ப வேண்டியதுதான். ஆனால், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போவது மிருதங்கக் கலைஞரை அவமதிப்பது. இரண்டு பாட்டுகளுக்கு இடையில் கிளம்புவதே முறை.