சட்டத்துக்குள் ஓர் அறை வேண்டி

அனுப்புநர்: வீடு தேடும் பிரம்மச்சாரி, மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்: மாண்புமிகு தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2017 அவர்கள்.

பொருள்: தங்களுக்குள்ளேயே குடியிருக்க இடம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

இப்படியொரு விண்ணப்பம் போடும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. அண்மையில் ஒரு வீடு பார்க்கப் போனதன் விளைவு இது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரே படுக்கையறை, வாடகை 15,000. அறையில் கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். “ஒல்லியாத்தானே சார் இருக்கீங்க” என்றார் புரோக்கர். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குகிறவர், இந்த அளவுக்காவது பேசத்தான் வேண்டும்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். கல்யாணம் ஆயிற்றா, சைவமா என்று விசாரித்தார். முதலாவதற்கு இல்லை என்றேன்; இரண்டாவதற்கு “முட்டை மட்டும்” என்று இழுத்தேன். சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று நூல் பிடித்துப் போனார். சாதி என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. அவ்வளவு நாகரிகம்.

அட்வான்ஸ் 10 மாதமாம், ஒன்றரை லட்சம். “சட்டப்படி 3 மாசம்தானே சார்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “அப்ப அந்தச் சட்டத்தையே வீடு குடுக்கச் சொல்லுங்க தம்பி” என்றார்.

ஆகவே தங்களிடம் வந்திருக்கிறேன்.

தங்களுக்கு முன்னால் 1960ஆம் ஆண்டுச் சட்டம் என்றொரு பெரியவர் இருந்தார். நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி அவரிடம் வழக்குப் போடலாம். தீர்ப்பு எந்தத் தலைமுறைக்கு வரும் என்பது வேறு கதை. 2019 பிப்ரவரி 22 அன்று தாங்கள் நடைமுறைக்கு வந்ததும், வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டீர்கள். பேசித்தான் முடிவு செய்கிறோம். அவர் பேசுகிறார், நான் முடிவு செய்கிறேன்.

3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று தாங்கள் சொல்லியிருப்பதைப் படித்தபோது கும்பிடத் தோன்றியது. ஆனால் அதே வாக்கியத்தில், இதற்கு மாறாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய, என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறீர்கள். இந்த நகரத்தில் நான் பார்த்த இடங்களிலேயே விசாலமானது அதுதான். 10 மாத அட்வான்ஸ் உள்ளே போய்க் கால் நீட்டிப் படுத்த பிறகும் இடம் மிச்சம் இருக்கிறது. சென்னையின் வீட்டுக்காரர்கள் எல்லாம் வாடகையே இல்லாமல் அங்கேதான் குடியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வீடு காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். “அடுத்த ஆளு வந்து குடுக்கட்டும், தர்றேன்” என்பது இங்குள்ள வழக்கம். அதாவது, என் பணத்தைத் தேடிக் கொடுக்க வேண்டியவன் எனக்கு அடுத்து வருகிற அப்பாவி. அவனுக்கு முன்கூட்டியே என் அனுதாபங்கள். ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறீர்கள் அல்லவா? அதைச் சொன்னபோது வீட்டுக்காரர் புரோக்கரைப் பார்த்தார், புரோக்கர் அவசரமாக போனைப் பார்த்தார்.

மின்சாரம் தங்கள் துறை இல்லை என்றாலும் காதில் போட்டு வைக்கிறேன். வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டை அரசு 2016இலிருந்து இலவசமாகத் தருகிறது. வீட்டுக்காரரின் சப் மீட்டருக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய்.

என்னைப் பற்றி: தண்ணீர் சிக்கனம் உண்டு, விருந்தாளிகள் இல்லை, இரவு பத்துக்குள் திரும்பிவிடுவேன். முட்டையை விட்டுவிடவும் தயார். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரே இல்லாத இடம்தான் என்றாலும் ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வருங்காலக் குடித்தனக்காரன்.

இணைப்பு: ஆதார் நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வழி.