சங்கு ஊதாத வேலை

எண்பதுகளில் கோவை உக்கடத்தில் நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டியதில்லை, மில் சங்கு போதும். முழு நைட் முடித்தவர்கள் தலையில் பஞ்சு ஒட்டியபடி இறங்குகிற பஸ்ஸிலேயே பகல் ஷிப்டுக்காரர்கள் நாங்கள் ஏறுவோம். ஊரில் முதலில் வந்தது 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை. முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஊரைச் சுற்றி மில்கள் பெருகின. நானும் ஒரு பெரிய மில்லில் பதிலியாக நுழைந்து, பிறகு ரிங் ஃப்ரேமில் இழை ஒட்டும் சைடர் ஆனேன்.

எங்கள் டிபார்ட்மெண்ட் மேஸ்திரி முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார். அறுந்த இழை என் கண்ணில் படுவதற்கு முன் அவர் கண்ணில் பட்டுவிட வேண்டும். பல வருடம் இழை ஒட்டிப் பழகியவருக்கும் விரலை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுப்பார். கக்கூஸுக்குப் போக அவரிடம் டோக்கன் வாங்க வேண்டும். திரும்பி வரும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கை வேலையைப் பார்க்கும், மனசு அவர் செருப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும். அப்போதுதான் இழை அதிகமாக அறுபடும்.

பக்கத்து ஃப்ரேமில் இருந்த மூத்த சைடர் ஒருநாள் டீ நேரத்தில் சொன்னார்: "தம்பி, அவரு உன்னயப் பாத்துக் கத்தறதில்ல. ஸ்பின்னிங் மாஸ்டர் கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு பயந்துட்டுக் கத்தறாரு. அவரு கேக்கறதுக்கு முன்னால நீயே போயிக் கணக்கச் சொல்லிப்போடு." அடுத்த நாளிலிருந்து ஷிப்ட் ஆரம்பித்ததும் நானே போய், எந்த ஃப்ரேமில் இழை அதிகம் அறுகிறது, என்ன காரணம், எப்போது சரியாகும் என்று சொல்லிவிடுவேன். மேலே சொல்ல அவருக்கு ஒரு பதில் கிடைத்தது. எனக்கு முதுகுப் பக்கம் காற்று வந்தது.

ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் மட்டும் எங்களைக் காப்பாற்றவில்லை. அந்தக் கண்காணிப்புக்கு எல்லைகள் இருந்தன. சங்கு ஊதினால் மேஸ்திரியின் அதிகாரம் கேட்டோடு நின்றது. டீக்கடையில் அவரும் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். வேலைக்கு ஓர் அளவுகோலும் இருந்தது. 1956-ல் கோவையில் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, மில்களின் உற்பத்தித் திறனை ஒப்பிட்டுக் கணக்குச் சொல்லும். ஒருவர் எத்தனை கதிர் பார்க்கலாம் என்பது மேஸ்திரியின் கோபத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கவில்லை. 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு ஒர்க்ஸ் கமிட்டி என்ற ஏற்பாடும் இருந்தது. டோக்கன் விவகாரத்தை அந்தக் கமிட்டியில்தான் கொண்டுபோய் வைத்தோம். யாரும் தனியாளாகப் போய்ப் பேசவில்லை. டோக்கன் போனது.

அந்த மில் உலகம் இப்போது பெரும்பாலும் இல்லை. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்கள் 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நின்றவை. பிறகு பழையபடி ஓடவில்லை. உக்கடத்தில் 2024-ல் மேம்பாலம் திறந்தார்கள். அதன் வழியே போகும் பிள்ளைகள் சரவணம்பட்டிக்கும் விளாங்குறிச்சி டைடல் பார்க்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். என் மகளும் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறாள், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை.

சம்பளம் நல்ல சம்பளம். நிழலில் உட்கார்ந்து வேலை, காதில் மெஷின் இரைச்சல் இல்லை, நுரையீரலில் பஞ்சு இல்லை. ஆனால் காலையில் ஒரு மீட்டிங், மதியம் அதைப் பற்றி ஒரு மீட்டிங், சாயங்காலம் இரண்டையும் பற்றி ஒரு ரிப்போர்ட். அனுப்பும் ஒவ்வொரு மெயிலையும் மேனேஜர் முதலில் பார்த்தாக வேண்டும். எக்செல் கட்டத்துக்கு என்ன நிறம் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும்.

ஒரு மதியம் சாப்பிட எழுந்தவள், "அப்பா, அந்த மௌஸ அப்பப்ப அசச்சு விடுங்க. பச்சை லைட்டு மஞ்சளாச்சுன்னா எங்க போனீங்கன்னு கேப்பாங்க" என்றாள். அவள் சாப்பிட்டு வரும்வரை அசைத்துக்கொண்டிருந்தேன். டோக்கனை ஒழித்த தலைமுறை நாங்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு வாய் சோற்றுக்குப் பச்சை விளக்கைக் காக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மூத்த சைடர் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். உன் மேனேஜருக்கும் மேலே வெளிநாட்டு கிளையண்ட் ஒருவர் இருக்கிறார், அந்தப் பயம்தான் கீழே இறங்கி உன்னிடம் வருகிறது. காலையில் நீயே மூன்று வரி எழுதி அனுப்பு: நேற்று முடிந்தது, இன்று முடிவது, எங்கே தடை. எப்படிச் செய்வது என்று அவர் பேச ஆரம்பித்தால், எது எப்போது வேண்டும் என்று கேள். வாயால் சொன்னதை மெயிலில் ஒரு வரி எழுதி உறுதி செய்துகொள். செய்தாள், பகல் நேரத்துப் போன்கள் குறைந்தன.

ராத்திரிப் போன் நிற்கவில்லை. அதற்குச் சங்கு வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை, வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்பை ஏற்க மறுக்கத் தொழிலாளிக்குச் சட்ட உரிமை உண்டு. நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். உக்கடத்துக்குப் பக்கத்திலேயே ஒப்பணக்கார வீதி ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021-ல் திருத்தம் நிறைவேற்றியது. 2016-ல் ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று மாநில அரசு தெளிவுபடுத்திவிட்டது.

மேனேஜரைச் சமாளிக்கும் வழிகளை ஒவ்வொருவரும் தனித்தனியே கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் வேலை எங்கே முடிகிறது என்ற கோட்டைத் தனியாளால் போட முடியாது. அதனால் பிள்ளைகளே, ராத்திரிப் போன் உங்களுக்கு மட்டும்தான் வருகிறதென்று நினைத்து உள்ளுக்குள்ளேயே புழுங்காதீர்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள், அவருக்கும் வரும். நான்கு பேர் சேர்ந்து ஹெச்.ஆர். முன்னால் உட்காருங்கள். உங்கள் சங்கை நீங்கள்தான் ஊத வேண்டும்.