பார் தெரிதல்: முசலியின் மாலைப்பொழுதை முன்வைத்து ஓர் ஆய்வு

கொழும்பில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர் இரண்டு நாள் லீவில் மன்னார் முசலியிலுள்ள சிலாவத்துறைக்கு வந்தார். பஸ்ஸால் இறங்கியதும் கேட்ட முதற் கேள்வி: “இங்க பின்னேரத்தில போய் ஆறுதலா இருக்க நல்ல பார் எது?” நான் கடலைக் காட்டினேன். பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பகிடியே இல்லை. முசலியில் பார்களுக்கு என்ன குறை? பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று பெயரோடும் வரலாற்றோடும் இருக்கின்றன. எல்லாம் ஐந்து முதல் பத்துப் பாகத் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன என்பதுதான் ஒரேயொரு வசதிக்குறைவு.

அக்கேள்விக்கு முறையான விடை காணும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஏழு இயல்களாகத் திட்டமிடப்பட்டது. மூன்றாம் இயலில் தேத்தண்ணி வந்துவிட்டதால் இயல் பிரிப்பு கைவிடப்பட்டது.

முதலில் சொல். பார் என்றால் முத்துச்சிப்பி படுத்திருக்கும் கடலடித் திட்டு. பார் என்றால் உலகம். பார் என்றால் கண்ணால் நோக்கு என்னும் ஏவல். ஆங்கிலத்துப் பாரோ குடிப்பவனுக்கும் ஊற்றுபவனுக்கும் நடுவே கிடக்கும் குறுக்குப் பலகையின் பெயர். இந்நான்கும் ஒரே வேரில் பிறந்தவை என்று நிறுவ இவ்வாய்வாளர் இரண்டு கிழமை முயன்று தோற்றார். ஆயினும், பலகைக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு உலகத்தைப் பார்ப்பதற்கான இடம் என்று நான்கையும் ஒரே வசனத்தில் அடைக்க முடிகிறது. எமக்கு அது போதும். தவறணை என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. தவறு செய்யாமல் தடுக்கும் அணையே தவறணை என்று எங்கள் ஊர்ப் பண்டிதர் ஒருவர் பிரித்துக் காட்டுவார். போர்த்துக்கேயர் தவேர்னா என்றதைத்தான் நாம் அப்படி ஆக்கிக்கொண்டோம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் குந்தியிருக்கும் வாங்கும் போர்த்துக்கேயச் சொல்தான். அதை நாம் அவரிடம் சொல்லவில்லை.

இனி முன்னோர் ஆய்வுகள். ஜோர்ஜ் ஓர்வெல் 1946 இல் இலண்டன் பத்திரிகையொன்றில் தனக்குப் பிடித்த மதுச்சாலையைப் பற்றி விரிவாக எழுதினார். பஸ் தரிப்பிலிருந்து இரண்டே நிமிடம், வானொலிச் சத்தம் கிடையாது, பரிமாறும் பெண்களுக்கு வருபவர்களின் பெயர் தெரியும் என்று ஒவ்வொன்றாய் அடுக்கிவிட்டு, கடைசியில் அப்படி ஒரு இடமே கிடையாது என்று ஒத்துக்கொண்டார். பத்து இலட்சணத்தில் எட்டு உள்ள இடம்தான் அவருக்குத் தெரியுமாம். ரே ஓல்டன்பேர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989 இல் ஒரு புத்தகமே போட்டார்: மனிதனுக்கு வீடு ஒன்று, வேலைத்தலம் இரண்டு, இவை இரண்டும் அல்லாத மூன்றாம் இடம் ஒன்றும் வேண்டும் என்பது அவர் கொள்கை. எங்கள் ஊரில் பள்ளிவாசலைச் சேர்த்து எண்ணினால் தேத்தண்ணிக் கடை நாலாவது ஆகிவிடுகிறது. இந்தத் திருத்தத்தை ஓல்டன்பேர்க்கின் கொள்கைக்கு முசலியின் பங்களிப்பாகப் பதிவு செய்கிறோம்.

முசலியில் மாலைப்பொழுதைக் கழிக்க வந்த முதல் வெளிநாட்டவர் யார் என்பதில் எமக்கு ஐயம் இல்லை. கண்டி அரசனின் பிடியில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் இருந்து தப்பிய றொபர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபர் 18 ஆம் திகதி, பின்னேரம் 4 மணியளவில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். காடு முழுக்க நடந்துவந்த மனிதன் கச்சிதமாகத் தேத்தண்ணி நேரத்துக்கு வந்திருக்கிறான். ஆனால் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டது 1867 இல். நொக்ஸ் 188 வருடம் முந்திவிட்டார்.

அடுத்து வந்த ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அவ்வளவு அவசரப்படவில்லை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்று அரிப்புக் கடலோரத்தில் 1801 இல் தொடங்கி பெரிய தூண்களோடு ஒரு மாளிகை கட்டினார். டொரிக் மாளிகை என்று அரசாங்கப் பலகை சொல்லும். அல்லிராணிக் கோட்டை என்று ஊர் சொல்லும். மேற்பார்வை என்ற சொல்லை நாங்கள் நம்பவில்லை. கடல் காற்றில் குந்தியிருந்து சிப்பிக்கு வேறு யாரோ மூழ்குவதைப் பார்க்கத்தான் அது கட்டப்பட்டது. கடல் இப்போது அந்தக் கட்டடத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வருடா வருடம் கரை தின்று வருவதால் அதை மாலைப்பொழுதுக்கான இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று. இவ்வாய்வுக்கு என்னோடு கூட அலைந்த மச்சானுக்கு நீச்சல் தெரியாது.

எமது ஆய்வுமுறை முழுவதும் முத்துக்குளிப்பிலிருந்து பெறப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் பார் திறப்பதா இல்லையா என்பது இப்படித்தான் முடிவாகும்: பார்களைக் கண்காணிக்கும் அதிகாரி வள்ளங்களோடு போய்ச் சில ஆயிரம் சிப்பியை மாதிரிக்கு எடுப்பார். சிப்பிக்கு நாலைந்து வயது ஆகியிருக்க வேண்டும். இளசென்றால் முத்தில்லை, கிழடென்றால் செத்துவிடும். எடுத்த சிப்பியை அழுகவிட்டு, கழுவி, வந்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்ப்பார்கள். கணக்குக் கட்டினால் அறிவித்தல் போகும். அப்புறம் தூத்துக்குடி, கீழக்கரை, அரபு நாடு என்று எல்லாப் பக்கத்தாலும் மறிச்சுக்கட்டிக் கரைக்கு ஆள் வந்து குவியும். வெறும் மணலில் ஒரு பட்டினம் எழும்பும். 1905 இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுத்தார்கள், அரசாங்கத்துக்கு வந்தது 25 இலட்சம் ரூபாய். அடுத்த வருடம் அங்கே சிப்பி எண்ணும் வேலையில் நின்ற இளம் உத்தியோகத்தர்களில் ஒருவர் லெனாட் வுல்ப். பிற்காலத்தில் இலண்டனில் பெரிய இலக்கியக் கூட்டத்தோடு திரிந்தவர், வர்ஜீனியா வுல்பின் கணவர். மலைமலையாய் அழுகிய சிப்பியின் நாற்றத்துக்கு நடுவே அவர் கழித்த மாலைகளை ஆறுதலான மாலைகள் என்று வகைப்படுத்த இவ்வாய்வு தயங்குகிறது.

இதே மாதிரியெடுப்பு முறையைத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் பிரயோகித்தோம். ஆய்வு நெறி கருதிக் கடைகளின் பெயர் மறைக்கப்படுகிறது: கடை அ, கடை ஆ, கடை இ. ஒவ்வொன்றிலும் பத்துப் பிளேன்டி வீதம் மாதிரி எடுக்கப்பட்டது. ஒரே பின்னேரத்தில் மூன்று கடையையும் முடிக்க முயன்றதன் விளைவாக இவ்வாய்வாளர் விடியச் சாமம் 2 மணிவரை கண் மூடவில்லை. அந்த நேரத்தில் எழுதப்பட்ட பக்கங்கள் பின்னர் கிழிக்கப்பட்டன.

காலவரையறையும் உண்டு. நகரத்துப் பார் பூட்டும் நேரத்தை அரசாங்கம் தீர்மானிக்கிறது; போயா தினத்தில் திறக்கவே விடாது. எங்கள் மாலைப்பொழுதின் இரு கரைகள் மஃரிப் பாங்கும் இஷா பாங்கும். நடுவில் கிடைப்பது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. தொழுதுவிட்டு வர ஒரு பத்து நிமிடம், எழும்பிப் போக ஒரு பத்து நிமிடம் கழித்தால், உலக விவகாரம் அனைத்தையும் முக்கால் மணித்தியாலத்தில் தீர்க்க வேண்டும். நியூயோர்க்கில் இருக்கும் சபைக்கு இப்படி ஒரு பாங்கு இருந்தால் நல்லது.

கடை அ பிரதான வீதியில், வெளிச்சமான கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ், வாய்ப்பன், முட்டை வைத்த பணிஸ். பெரிய ரீவி. ரீவியில் கிரிக்கெட் போனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஓர்வெல் வானொலிக்கே பயந்தவர். தேத்தண்ணி திறம், ஆனால் குடித்து முடித்ததும் கிளாசை எடுக்கப் பையன் வந்து நிற்கிறான். கிளாஸ் போனால் மனிதன் எந்த உரிமையில் கதிரையில் இருப்பது? கடை அ தள்ளப்பட்டது.

கடை ஆ கடற்கரைப் பக்கம். காற்று உண்டு. வலை இழுத்துவிட்டு வருபவர்கள், வள்ளம், விலை, அன்றைக்கு என்ன பட்டது, அடுத்த கரைக்காரனின் இழுவைப் படகு வந்து வலையை அறுத்த கதை என்று பேச்சுச் செழிப்பு அதிகம். கடலுக்குப் போகாதவன் அங்கே வாய் திறக்க முடியாது என்பதொன்றே குறை. இவ்வாய்வாளர் ஒருமுறை சூரை மீனைப் பற்றிக் கருத்துச் சொன்னார். பின் சொல்லவில்லை.

கடை இ ஒழுங்கைக்குள். தகரக் கூரை, மண் சுவரில் பாதி சீமெந்து, வெளியே ஒரு நீளப் பனைப்பலகை வாங்கு. கேத்தல் கரியில் கறுத்தது. தேத்தண்ணி, நேர்மையாகச் சொன்னால், சுமார். சாயம் ஒருநாள் கடுப்பு, ஒருநாள் வெளிறல். சீனி அளவு கடைக்கார நானாவின் மனநிலையைப் பொறுத்தது. மாதிரியெடுப்புப் புள்ளிவிவரப்படி இதுவே கடைசி.

ஆனால் வாடிக்கையாளரைத் தரம் பிரித்தபோது முடிவு தலைகீழானது. முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடை பத்து இருந்தது. முதற் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000. உருண்டையும் ஒளியும் குறைவில்லாதது ஆணி, அதற்கு ஒரு படி கீழே அணதாரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது குறுவல், கோணல்மாணலானது பீசல், கடைசியில் தூள். கடை இ யின் வாங்கில் ஒரு ஆணி உண்டு. ஓய்வுபெற்ற மாஸ்டர். எந்த நாளும் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு “சீனி கூடிப்போச்சு நானா” என்பார், எந்த நாளும் மிச்சம் வைக்காமல் குடித்து முடிப்பார். குறுவல் என்பது சோடியாகவே வரும் இரண்டு சகலர்; ஒருவர் தொடங்கும் வசனத்தை மற்றவர் முடிப்பார். பீசல்கள் பெடியன்கள், ஃபோனைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். தூள் இவ்வாய்வாளர். முத்துத் தூளை மருந்துக்கு வாங்குவார்கள் என்று மச்சான் ஆறுதல் சொன்னான்.

மச்சானைப் பற்றியும் ஒரு சொல். முத்துக் குளிப்பவன் கல்லைக் காலில் கோத்து இறங்கும்போது மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி விதவையாகக் கூடாதே என்ற பயத்தில் கயிற்றை விடமாட்டானாம். அதே பந்தத்தால் காசு கொடுக்கும் நேரத்திலும் அவனை நம்பலாம் என்று கருதினோம். இக்கருதுகோள் நிரூபிக்கப்படவில்லை.

பழைய புகழை நம்பிக் கடை தெரியக் கூடாது என்பதற்கும் இக்கடலே சான்று. 1905 இன் வருமானத்தைப் பார்த்து மயங்கி, 1906 இல் இலண்டன் கம்பனியொன்று பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய். 1907 க்குப் பிறகு அள்ளுவதற்குச் சிப்பி இல்லை. கம்பனி மூழ்கியது. அடுத்த முத்துக்குளிப்பு 1925 இல்தான் நடந்தது. பார் என்பது வற்றும், பெயர் வற்றாது.

இன்னொரு இடைவெளியும் தரவில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியின் ஊர்களும் வெறுமையாயின. பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போனார்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது வீட்டு வளவைக் கண்டுபிடிக்கவே காடு வெட்டவேண்டியிருந்தது. பழைய கடை எங்கே இருந்தது என்பதில் இரண்டு பெரியவர்கள் ஒருநாள் முழுக்கத் தர்க்கப்பட்டார்கள். ஒருவர் புளியமரத்திலிருந்து அளந்தார், மற்றவர் கிணற்றிலிருந்து. அளவு ஒத்து வரவில்லை. அந்தத் தர்க்கம் நடந்தது தறப்பாளின் கீழே, யாரோ மூட்டிய கேத்தலைச் சுற்றிக் குந்தியிருந்துதான். அந்தக் கேத்தல் இருந்த இடத்திலேயே பிறகு கடை இ வந்தது.

எல்லா அட்டவணையையும் முடித்து மச்சானிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தான்.

“இவ்வளவும் எதுக்கு? நீ எந்த நாளும் அங்கதானே போற.”

“ஆய்வு அதைத்தான் உறுதி செய்யுது.”

“ஆய்வு ஒண்டுமில்ல. நானாட கொப்பியில உன்ட கணக்கு மூவாயிரத்துக்கு மேல கிடக்கு. அந்த வழியால போகாட்டித்தான் கேப்பாரு.”

கடன் கொப்பி என்னும் காரணி எமது ஆய்வுச் சட்டகத்தில் சேர்க்கப்படவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

அன்று மஃரிப் முடித்துக் கடை இ க்குப் போனோம். கதவு பூட்டிக் கிடந்தது. நானா புத்தளத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டாராம்; அங்கே அவருக்கு இன்னும் பாதிச் சொந்தம் இருக்கிறது. கடை அ வுக்குப் போகலாமா என்று யோசித்தபடியே வாங்கில் குந்தினோம். சகலர் இருவரும் வந்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், குந்தினார்கள். பெடியன்கள் வந்து மோட்டச்சைக்கிளை நிறுத்தினார்கள். அடுத்த போகத்துக்கு அகத்திமுறிப்புக் குளத்தில் தண்ணீர் காணுமா என்று பேச்சுத் தொடங்கியது. கடைசியாக மாஸ்டர் வந்தார். பூட்டிய கதவையும் கறுத்த அடுப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வழமையான மூலையில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அமர்ந்தார்.

“இண்டைக்குத்தான் சீனி சரி” என்றார்.