பொட்டி சொன்னா கடல் கேக்குமாலே?

ஏலே மக்கா, சங்கு குளிக்கப் போலாமா வேண்டாமான்னு உன் கம்ப்யூட்டர் பொட்டி சொல்லுமாக்கும்! உள்ள இருக்கது மூணே விதி. மூணும் இந்தத் திரேஸ்புரம் கிழவன் வாயைக் கிண்டி எடுத்தது. அதைச் சோதிக்க இப்போ இன்னொரு நிரலாம். மாப்பிள்ளையும் நீயே, சீதனத்தை எண்ணுறவனும் நீயே.

இருந்தாலும் நிரல் உருப்படியான சோலிதான் பாத்திருக்கு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு காத்து நாலு. தண்ணி தெளிவு, கலக்கல். நீவாடுங்கிற நீரோட்டம் வேகம், மந்தம். ஆகமொத்தம் 16 கட்டம். ‘தண்ணி தெளிஞ்சா குளி’ங்குது முதல் விதி. ‘கச்சான் அடிச்சா குளிக்காதே’ங்குது அடுத்தது. கச்சானும் அடிச்சு தண்ணியும் தெளிஞ்சிருந்தா, பாதி உடம்பை வள்ளத்துல வச்சிட்டு மீதியோட குதிக்கவா? மூணாவது, ‘வாடையில கலங்கினா வீட்டுல கிட’. சரி, கொண்டல்லயும் சோழகத்துலயும் கலங்கினா? நாலு கட்டம், பொட்டி மௌன விரதம். 1982ல ஸ்டான்ஃபோர்டுல, புற்றுநோய் வைத்தியம் சொல்ற ஆன்கோசினோட விதிகளையும் இப்படித்தான் கட்டம் போட்டுத் துழாவினாங்கன்னு நீதானே அளந்தே.

ஆனா ஒண்ணு. நான் வேணும்னே தப்பா சொல்லியிருந்தாலும், கட்டமெல்லாம் நிரம்பி, விதிக்குள்ள சண்டை இல்லன்னா உன் நிரல் ‘சரி’ன்னு தலையாட்டும். (சொல்லலலே. பெருசா ஒண்ணும் சொல்லல.)

முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, கடலடிப் பாருல சிப்பி இருக்குன்னு எவனோ சொன்னதை நம்பி நாள் குறிக்கல. ஆளை இறக்கி மாதிரிச் சிப்பி எடுத்து, அழுக விட்டு, கழுவி, கிடைச்ச முத்தை விலை மதிச்ச பொறவுதான் பேச்சே. அழுகுன சிப்பி நாத்தம் உனக்குத் தெரியாது. ஊரே மூக்கைப் பிடிக்கும். அவ்வளவு பாத்தும் 1961க்குப் பொறவு இங்க குளிப்பே இல்ல.

மைசின்னு மருந்து எழுதுற ஒரு பொட்டியைச் சொன்னியே, அதைச் செஞ்சவங்க கெட்டிக்காரங்க. மூளைக்காய்ச்சல் நோயாளி 10 பேருக்கு அது எழுதின மருந்தையும் டாக்டருங்க எழுதினதையும் கலந்து, எழுதினது யாருன்னு மறைச்சு, வெளி நிபுணர் 8 பேர்கிட்ட நீட்டினாங்க. 1979ல முடிவு வந்துச்சு: மைசினுக்கு 65 சதவீதம் ஒப்புதல், பேராசிரியருங்க யாரும் 62.5ஐத் தாண்டல. பேரு தெரிஞ்சிருந்தா பொட்டிக்கு அந்த மார்க்கு விழுந்திருக்குமா?

நீயும் போன வருசம் குளிக்கப் போன நாளையெல்லாம் பொட்டி சொல்ற பதிலோட எழுதி எடுத்துக்கிட்டு என் சகலைகிட்ட போ. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. குத்தம் கண்டுபிடிக்க அவனை மிஞ்சின ஆளும் கிடையாது. விதி நான் சொன்னதுன்னு மட்டும் மூச்சு விட்டுறாதலே.