ஆள் இல்லை என்று கலங்கும் துரைமாருக்கு

மலையகப் பெருந்தோட்டக் கம்பனிகளின் மதிப்புக்குரிய துரைமார்களுக்கு,

கொழுந்து முற்றுகிறது, கிள்ள ஆளில்லை என்று வருடம் தவறாமல் நீங்கள் விடும் பெருமூச்சில் நுவரெலியாப் பனியே விலகிவிடும் போலிருக்கிறது. துக்கம் நியாயமானதுதான். 1992இல் தோட்டங்கள் உங்கள் கைக்கு வந்தபோது மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர் தொகை இன்று அதில் பாதிகூட இல்லை. இளவட்டங்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். பெண்கள் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுகிறார்கள். ஏன் என்று கேட்டால் படிப்பு, கைத்தொலைபேசி, சோம்பல் என்று நீளமாகக் காரணம் சொல்கிறீர்கள். அதில் அவர்கள் குடியிருக்கும் லயத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் விடும் உங்கள் தன்னடக்கத்தை மெச்சவே இக்கடிதம்.

லயம் சாமானியமான கண்டுபிடிப்பா? 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதற்குள் மூன்று தலைமுறை. லயத்தைக் கட்டிய அதே வெள்ளைக்காரன் எழுப்பிய துரை பங்களா இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான பாரம்பரிய விடுதி; வாடகை டொலரில். தகரம் ஒழுகும் லயத்தின்மேல் மட்டும் அந்தப் பாரம்பரியம் ஏனோ ஒட்டவில்லை. லயத்தின் சூட்சுமம் அதன் அளவில் இல்லை, உறுதிப் பத்திரம் இல்லாததில் இருக்கிறது. காம்பரா கையில் இருக்க வேண்டுமானால் வீட்டில் ஒருவராவது காலைப் பெரட்டுக்கு வந்து தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். ஒரு காலத்தில் இது குடும்பத்தையே கட்டிப்போட்டது. இப்போது காம்பராவைக் காப்பாற்ற அம்மா ஒருத்தி கொழுந்துக் கூடையைச் சுமக்கிறாள், பிள்ளைகள் மூவரும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருத்தியைப் பிடித்துவைக்க மூவரை விரட்டும் கணக்கை எந்தக் கணக்கப்பிள்ளை எழுதினாரோ!

லயத்துக்குப் பதில் வீடு கட்ட உறுதியோடு காணியைக் கொடுத்துவிட்டால் அவர்கள் வேலைக்கே வரமாட்டார்கள் என்பீர்கள். காணி கொடுக்காமலே போய்க்கொண்டிருக்கிறார்களே என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்நாட்டுத் தேயிலையில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தருவது நீங்கள் அல்ல. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள். அவர்கள் சொந்த வீட்டில் தூங்கி, சொந்த நிலத்தில் கொழுந்து எடுக்கிறார்கள். பத்திரம் கையில் இருப்பதால் விரல் மரத்துப்போனதாக அங்கிருந்து புகார் ஏதும் இல்லை. அடுத்து, செலவு யார் தலையில் என்பீர்கள். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தபடி மேலும் 10,000. சுவரும் கூரையும் பிறர் தலையில். உங்களிடம் கேட்பது கூரைக்குக் கீழே உள்ள மண்ணை மட்டும்.

அந்த மண்ணும் எவ்வளவு? குடும்பத்துக்கு 7 பேர்ச் என்பதுதான் நெடுநாள் பேச்சாக இருந்தது. ஒரு இலட்சம் குடும்பங்களுக்கு அப்படிக் கொடுத்தாலும் 4,375 ஏக்கர். நாட்டின் தேயிலைப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆள் இல்லாமல் காடேறிக் கிடக்கும் மலைகளை நீங்களே காட்டிப் புலம்பும்போது, இதற்கு இடமில்லை என்று சொல்ல நாக்கு கூசாதா? நிலம் அரசாங்கத்தினது, நாங்கள் வெறும் குத்தகைக்காரர் என்ற பதில் உங்கள் மேசை லாச்சியில் தயாராக இருக்கும். ஆனால் அந்தக் குத்தகைக்கும் 53 வருடத்துக்குக் கையெழுத்து வாங்கியவர்கள்தானே நீங்கள்? காகிதம் இல்லாமல் ஒரு நாள்கூட முதல் போட மாட்டேன் என்பது வியாபார புத்தி; காகிதம் இல்லாமல் கிட்டத்தட்ட இருநூறு வருடம் உழைத்தவர் கேட்டால் அது பேராசை. அந்தக் காகிதம் இல்லாததன் விலையையும் பார்த்தோம்: 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மலை பயமுறுத்தினாலும் விலகிப் போய்க் குடியேற ஓரடி சொந்த நிலம் இல்லாதவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். அந்த இழப்பையும் ஆள் பற்றாக்குறைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று தெரிந்தால் நல்லது.

உங்கள் பதிலைத் தொழிலாளர்களுக்கே நேராக எழுதிவிடலாம். லயத்துக்குத் தனி இலக்கமோ தெருப் பெயரோ தேடி அலைய வேண்டாம், தோட்டத்தின் பெயரை மட்டும் போடுங்கள். அவர்களுக்கு வரும் தபால் எப்படியும் உங்கள் கந்தோருக்குத்தான் முதலில் வந்து சேரும்.

இப்படிக்கு,
உங்கள் தேநீரைக் குடிக்கும் ஒருவன்